ஆள்காட்டி காட்டும் ஆள்

பங்குனி வெயிலில் ஏரி வற்றி, கரையோரத் தரை வெடித்துக் கிடக்கும் நாட்களில்தான் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இராது. மண்ணில் லேசாக ஒரு குழி, சுற்றிலும் சில கூழாங்கற்கள், நடுவில் மூன்றோ நான்கோ முட்டைகள். கல்லும் முட்டையும் ஒரே நிறம். காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். வெயில் ஏறும் பொழுதுகளில் அந்தப் பறவை முட்டைகள் மேல் உட்காருவது சூடேற்றுவதற்காக அல்ல, நிழல் கொடுப்பதற்காக. பக்கத்தில் தேங்கிய நீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. மனிதனோ நாயோ அந்தத் திசையில் தலைகாட்டினால் எழுந்து வட்டமிட்டுக் கத்தித் தீர்க்கும். வருகிற ஆளைக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்கள்.

இப்போது அந்தக் குரல் யாரைக் காட்டிக்கொடுக்கிறது? ஏரிக்கரையில் குப்புறப் படுத்து, நீண்ட லென்ஸை முட்டைகளை நோக்கி வைத்துக்கொண்டு, பறவை திரும்பி வந்து உட்காரட்டும் என்று காத்திருக்கும் மனிதரை. அவர் கெட்டவர் இல்லை. பறவைகளை நேசிப்பதாகவே அவர் நம்புகிறார். அவர் காத்திருக்கும் அரைமணி நேரமும் பறவை வானத்தில் இருக்கிறது. முட்டை வெயிலில் கிடக்கிறது. பக்கத்துப் பனையில் உட்கார்ந்திருக்கும் காகம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பெயர் வேட்டை. முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை நெருங்கிப் படமெடுப்பதைப் பொழுதுபோக்கு என்றோ, கலை என்றோ, இயற்கை ஆர்வம் என்றோ அழைக்க நாம் இனி தயாராக இல்லை. கோபத்தில் எழுதிய சொல் என்று யாரும் எண்ண வேண்டாம். சட்டத்தின் சொல்லும் இதுதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, கொல்வதையும் பிடிப்பதையும் மட்டும் அதில் சேர்க்கவில்லை. பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு, முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் வேட்டைதான் என்கிறது. இரை வைத்து ஈர்ப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டதை, கேமரா கையில் வந்த பிறகு நாம் வசதியாக மறந்துபோனோம்.

இதே இதழின் பக்கங்களில் முன்பு கூட்டுப் படங்கள் வந்திருக்கின்றன. வாய் பிளந்த குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை இரை ஊட்டும் காட்சியை ‘தாய்மை’ என்று தலைப்பிட்டு முழுப் பக்கத்துக்கு அச்சிட்டிருக்கிறோம். அந்தப் படத்தில் வெளிச்சம் ஏன் அவ்வளவு துல்லியமாக விழுந்தது, கூட்டை மறைத்திருக்க வேண்டிய இலைகள் எங்கே போயின என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காதது நம் குற்றம்.

இலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தையல்சிட்டு உயிருள்ள இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சும் நாரும் கோத்துத் தைத்து, அந்தப் பைக்குள் முட்டையிடுகிறது. மேலே இன்னோர் இலை கூரையாகக் கவிழ்ந்திருக்கும் இடமாகப் பார்த்தே பெரும்பாலும் தைக்கிறது. மழை, வெயில், வால்காக்கையின் கண், செண்பகத்தின் அலகு எல்லாவற்றுக்கும் அதனிடம் இருக்கும் பதில் அந்த இலைதான். படத்துக்கு மறைக்கிறது என்று அந்த ஓர் இலையை நூல் போட்டு ஒதுக்கிக் கட்டுபவரும், சிறு கத்தரியால் வெட்டுபவரும் இருக்கிறார்கள். எடுத்து முடித்ததும் சிலர் நூலை அவிழ்த்து இலையைப் பழையபடி விட்டுவிட்டு வருவார்களாம். ஆனால் அதற்குள் அங்கே ஒரு தடம் விழுந்துவிட்டது. புல் மிதிபட்டிருக்கிறது, மனித வாடை படிந்திருக்கிறது, மறைவிடம் எது என்று பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கூட்டைத் தொடவே இல்லை என்பவரும் இதற்குப் பொறுப்பாளிதான். கூடு கட்டும் தொடக்க நாட்களில் தொந்தரவு வந்தால் பல பறவைகள் அந்தக் கூட்டையே கைவிட்டுப் போய்விடும் என்பது பறவைகளைக் கொஞ்ச காலம் கவனித்தவர் எவரும் அறிந்தது. படமெடுத்தவர் வீடு திரும்பிப் படத்தைப் பகிர்கிறார். மறுநாள் அங்கே என்ன நடந்தது என்று பார்க்க அவர் போவதில்லை.

இருவாச்சியின் நிலைமை இன்னும் மோசம். தப்பிப் பறக்கவும் வழியில்லாத பறவை அது. பெரிய இருவாச்சியின் பெண், ஓங்கிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழக்கூழையும் கொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீள்துளைதான் மிச்சம். உள்ளே தன் சிறகு இறகுகளை உதிர்த்துவிடும். மூன்று மாதத்துக்கு மேலாக அதற்கும் பிறகு குஞ்சுக்கும் சோறு, தண்ணீர், உலகம் எல்லாம் ஆண்பறவை ஒன்றே. தொண்டைப்பையில் அத்திப்பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளித் துளை வழியே ஊட்டும். கூட்டு மரத்துக்கு எதிரே ஆள் நின்றால் அது நேராகக் கூட்டுக்கு வராது. தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்து தயங்கும், சுற்றிச் சுற்றிப் பார்க்கும், சில வேளை பழத்தோடு அப்படியே திரும்பிப் போகும். அடைபட்ட பொந்துக்குள் பசியோடு இருப்பவளுக்கு வெளியே டிரைபாட் வரிசை நிற்பது தெரியாது. இப்படி ஒரு மரத்தை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் வழிசொல்லி அனுப்புபவர், தான் என்ன அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே இருவாச்சியைக் காக்கிறவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடியினர் கூட்டு மரங்களைக் கண்காணித்து வருகிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காடுகளை ஒட்டிய பகுதியில், ஒரு காலத்தில் இருவாச்சியை வேட்டையாடிய நியிஷி மக்களே 2011-12 முதல் அதன் கூடுகளுக்குக் காவலாக இருக்கிறார்கள். பருவம் முழுதும் மரத்தின் பக்கம் போய்வருகிறவர்கள் அவர்கள். விலகியிருந்து பார்ப்பது எப்படி என்று நகரத்து ஆர்வலர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

பறவை நோக்குதலின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், இன்றைய இந்தத் தடுமாற்றம் இன்னும் வருத்தம் தருகிறது. ஒரு பறவையை இன்னதென்று அறிய ஒரு காலத்தில் அதைச் சுட்டாக வேண்டியிருந்தது. காங்கிரஸ் உருவாகக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தொகுப்பில் பறவைத் தோல்கள் மட்டும் 60,000க்கு மேல். பறவையியலாளர் சாலிம் அலியின் பறவை வாழ்க்கையே சிறுவயதில் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். 1985இல் எழுதிய தன்வரலாற்றுக்கு அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே தலைப்பாகவும் வைத்தார். பின்னாளிலும் ஆய்வுக்காகத் துப்பாக்கி எடுத்தவர்தான் அவர். அந்தக் காலத்து அறிவியலுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

வழி காட்டியவை கையேடுகள். 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு, பறவையைக் கையில் எடுக்காமலே தொலைவிலிருந்து அடையாளம் காண எவை போதும் என்று காட்டியது. இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு, வாலின் ஓரத்தில் ஒரு கறுப்பு, கண்ணுக்கு மேல் ஒரு புருவம். நம் நாட்டில் 1941இல் சாலிம் அலியின் ‘இந்தியப் பறவைகள்’ வந்தது. ஒரு பைனாகுலரும் அந்தப் புத்தகமும் இருந்தால் துப்பாக்கி வேண்டாம் என்றானது. தமிழில் க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தது. கையேடு என்பது படம்போட்ட பட்டியல் மட்டும் இல்லை. பறவைக்கும் மனிதனுக்கும் இடையே ஓர் இடைவெளியை வைத்து, அந்த இடைவெளியிலிருந்தே அறிய முடியும் என்று சொல்லிக்கொடுத்த நூல் அது. அந்த இடைவெளியைத்தான் இன்று லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே மிதித்துத் தாண்டுகிறோம். தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்று செய்த கருவி அது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நம் காலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வானியல் ஆய்வாளரான ரமணா ஆத்ரேயா, அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காடுகளில் 1995இல் ஒரு பறவையைப் பார்த்தார். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. பத்தாண்டு கழித்து மீண்டும் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் கண்ணில் பட்டவை 14 பறவைகள். புதிய இனத்தை அறிவிக்க ஒரு பறவையைக் கொன்று பாடம் செய்து வைப்பதே வழக்கமான முறை. உலகமே திரும்பிப் பார்க்கும் கண்டுபிடிப்பு கையில் இருந்தது. இத்தனை குறைவாக இருக்கும் பறவையில் ஒன்றைக்கூடக் கொல்ல மாட்டேன் என்று அவர் முடிவு செய்தார். பிடித்து அளந்து, படமெடுத்து, வலையில் உதிர்ந்த சில இறகுகளை எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார். 2006இல் அந்த இனம் அறிவிக்கப்பட்டது. அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரையே அதற்கு வைத்தார். அறிவியலுக்கே ஒரு பறவையைக் கொல்லத் தேவையில்லை என்று ஒருவர் காட்டிவிட்ட பிறகு, இன்ஸ்டாகிராமுக்காக ஒரு கூட்டைக் குலைப்பவருக்கு என்ன நியாயம் மிச்சமிருக்கிறது?

அரிய பறவை என்றதும் கூடும் கூட்டமும் இதே வியாதிதான். வடக்கு அட்லாண்டிக்கில் வாழ்ந்த, பறக்க இயலாத கிரேட் ஆக் என்ற பறவை அரிதாக ஆக, அதன் தோலுக்கும் முட்டைக்கும் சேகரிப்பாளர்களிடம் விலை ஏறிக்கொண்டே போனது. 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே பாறைத்தீவில் கடைசி ஜோடி என்று கருதப்படுவதைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர்களும் ஒரு சேகரிப்பாளரின் பணத்துக்காகவே போனார்கள். குறைந்துகொண்டிருப்பது தெரிந்ததால் விட்டுவைக்கவில்லை, தெரிந்ததாலேயே துரத்தினார்கள். வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்த இனங்களைக் குறித்துவைக்கும் ‘லைஃபர்’ பட்டியலில் ஓர் எண் கூடுவதற்காகத் தவளைவாயன் தூங்கும் புதரைச் சுற்றி நிற்பவர்களுக்கு அந்த மனநிலையோடு உறவே இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. கேரளத்தின் தட்டேக்காட்டில் பகல் முழுதும் சருகு போல அசையாமல் இருக்கும் அந்தப் பறவை ஒரே ஒரு முட்டைதான் இடும். பகலில் அடைகாப்பது ஆண். அது அசையாமல் இருப்பதைப் பார்த்து, நம்மைக் கண்டு பயப்படவில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். அசைந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில்தான் அது அசையாமல் இருக்கிறது.

குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பி அழைப்பதையும் விட்டுவிட முடியாது. ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் ஆறுமணிக் குருவி, களைத்துப்போய் நம் ஊர் வீட்டு வராந்தாக்களில் விழுந்து கிடக்கும் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். அந்தப் பயணத்தைத் தாங்கி, ஒரு தோப்பின் சருகுக்குள் இரை பொறுக்கிக்கொண்டு காலையும் மாலையும் குரல் கொடுத்து வாழ வந்த பறவையை, அதன் சொந்தக் குரலையே கைபேசியில் போட்டு வெளியே இழுக்கிறார்கள். தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று அது பதறி வரும். வந்தால் படம். அடுத்த குழு வந்தால் மறுபடி அதே குரல். அந்தப் பதிவுகள் எல்லாம் காதால் பறவையை அறியக் கற்றுக்கொடுப்பதற்காகவே பலர் உழைத்துச் சேகரித்து வைத்தவை. கையேட்டைத் தூண்டிலாக்கும் வேலை இது. காட்டில் ஓர் இனம் இருக்கிறதா என்று அறிய ஆய்வாளர் அனுமதி பெற்று அளவோடு ஒலிபரப்புவது வேறு. படத்துக்காக ஒலிபரப்புவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் நியாயம் கிடையாது.

நம்மைக் கூச வைக்கும் இன்னொன்றும் உண்டு. கண்ணி வைத்து நான்கு கவுதாரி பிடித்தவர் சந்தையில் அகப்பட்டால் வழக்கு, அபராதம், சிறை. அவர் செய்தது குற்றம்தான். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல லட்ச ரூபாய் லென்ஸோடு வந்து ஒரு கூட்டையே குலைத்துப் போனவருக்குப் பரிசும் பாராட்டும் கிடைக்கின்றன. இரண்டு பேரையும் ஒரே சட்டம், ஒரே வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துகிறவர்கள் ஏன் ஒருவரை மட்டும் பார்க்கிறார்கள்? வயிற்றுக்காகச் செய்தவரைவிட விருப்பத்துக்காகச் செய்தவருக்குப் பொறுப்பு அதிகம் என்றே நாம் கருதுகிறோம்.

படங்களால்தான் பறவைகள் மீது மக்களுக்கு அக்கறை வந்தது என்று சொல்லப்படும். உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அந்த அக்கறையைக் கூட்டுப் படங்கள் கொண்டுவரவில்லை. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று சொன்னது. அதற்கு அடிப்படை சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள். என்ன பறவை, எங்கே, எத்தனை, எந்த நாள் என்று பொறுமையாக எழுதி வைத்தவர்களின் உழைப்பு அது. பொங்கல் விடுமுறையில் வீட்டு மாடியில் நின்று மைனாவையும் சின்னானையும் எண்ணிய பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பனங்காடை குறைந்து வருகிறது என்று இன்று நமக்குத் தெரிவது அவர்களால்தான்.

நம் கிராமங்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் எழுத்துபூர்வமாக உரிமை பெற்றார்கள். அங்கே கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் தொலைவாக நின்று கூடுகளைப் பார்க்கிறோம், படமும் எடுக்கிறோம். நீர் நடுவே இருக்கும் மரத்தை நெருங்க வழி இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தத் தொலைவுக்குப் பழகிய பறவைகள் அவை. அதில் குற்றமில்லை. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் கண்மாய்க் கூடுகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் தீபாவளியை விட்டுக்கொடுக்கும்போது, ஒரு படத்தை விட்டுக்கொடுக்க நமக்கு மனம் வரவில்லை என்றால் எப்படி?

எனவே இந்த இதழிலிருந்து நம் வழக்கத்தை மாற்றுகிறோம். கூடு, முட்டை, கூட்டிலிருக்கும் குஞ்சு, கூட்டுக்கு இரை கொண்டு வரும் பறவை ஆகியவற்றின் படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் எடுத்திருந்தாலும், இனி வெளியிட மாட்டோம். வேடந்தாங்கல் போல முறைப்படி பார்க்க இடமிருக்கும் பறவைக் காப்பிடங்களில் கரையிலிருந்து எடுத்தவை மட்டும் விலக்கு. ஒலிபரப்பி அழைத்தோ, எலியும் புழுவும் மீனும் வைத்து ஈர்த்தோ எடுத்த படங்களும் வேண்டாம். ஆந்தை, வல்லூறு, தவளைவாயன் போன்றவற்றின் படத்தோடு ஊர்ப் பெயர் அச்சாகாது. மாவட்டம் மட்டும் இருக்கும். படப்போட்டி நடத்தும் அமைப்புகளும் இதையே விதியாக்க வேண்டும். பரிசு நின்றால் பாதிப் பேர் கத்தரியைக் கீழே வைப்பார்கள். காட்டுக்கு அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டிகளைக் குறைசொல்லி நாம் தப்பிக்கக் கூடாது. கூட்டைக் காட்டினால் கூடுதல் பணம் என்று பழக்கியது போகிற நாம்தான். கூட்டைக் காட்ட மறுக்கும் வழிகாட்டிக்கு அந்தக் கூடுதலைக் கொடுப்போம்.

அனுப்ப வேண்டிய படங்கள் எத்தனையோ இருக்கின்றன. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 தொடங்கி 46 ஆண்டுகள் ஆங்கில நாளிதழ் ஒன்றில் எழுதிய பத்தியில், நாம் தினமும் தாண்டிப்போகிற காகத்துக்கும் குருவிக்கும் இடம் இருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானை ஒரு மணி நேரம் பார்த்து எழுதி அனுப்புங்கள். வயல் உழும் டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் இடம் பிடிக்கும் முறையைப் படமாக்குங்கள். அவற்றுக்கு இந்தப் பக்கங்கள் திறந்திருக்கின்றன.

பங்குனி பிறந்துவிட்டது. ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் ஆள்காட்டிகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். நடந்து போகும்போது தலைக்கு மேலே அந்தக் குரல் எழுந்தால், கூடு எங்கே என்று தரையில் தேடாதீர்கள். குரல் உச்சத்துக்குப் போகும் திசையை விட்டு, வந்த வழியே நடங்கள். கொஞ்ச தூரம் போனதும் கத்தல் தளரும், பிறகு நிற்கும். பறவை இறங்கி உட்கார்ந்துவிட்டது.